பதினொரு ஓம்

வீட்டில் கதிர்காமம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். போனது கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு தபால் அட்டையைக் கேட்டு வாங்குவதற்காக ஒருவன் சேலத்திலிருந்து கடல் தாண்டிப் போகிறான் என்று சொன்னால் என் மனைவி வைத்தியரை அழைத்திருப்பாள். முருகன் பெயரைச் சொன்னால் கட்டுசாதம் கிடைக்கும்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பாட்டரி ரேடியோ இருக்கிறது. பகலெல்லாம் அச்சகத்தில் பிறருடைய எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டு, சாயங்காலம் அதன் காதைத் திருகிக்கொண்டு உட்கார்ந்தால் உலகம் இருமும், கனைக்கும், சில சமயம் பாடும். எந்த நிலையம், எத்தனை மணி, என்ன கேட்டது, எவ்வளவு தெளிவு என்று குறித்து அந்த நிலையத்துக்கு எழுதிப்போட்டால், அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் 'ஆம், நீர் கேட்டது எங்களைத்தான்' என்று ஓர் அத்தாட்சி அட்டை அனுப்புவார்கள். சிலர் பசை தடவிய வில்லைகளும் சேர்த்து அனுப்புவார்கள். காற்றாலை போட்ட அட்டை, பனிமலை போட்ட அட்டை, கொம்பு ஊதும் குதிரைவீரன் போட்ட வில்லை, எல்லாம் படம் வரையும் நோட்டு ஒன்றில் ஒட்டி வைத்திருக்கிறேன். காற்றைப் பிடித்துக் காகிதத்தில் ஒட்டுகிற வேலை. கவிதையும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் கவிதைக்கு யாரும் அத்தாட்சி தருவதில்லை.

ஐரோப்பா தந்தது. ஜப்பான் தந்தது. கூப்பிடு தூரத்துக் கொழும்பு மறுத்துவிட்டது.

அது பெரிய நிலையம் இல்லை. கொட்டாஞ்சேனையில் கிராமபோன் கடை ஒன்றின் மாடியில், ரேடியோ நண்பர்கள் சிலர் சேர்ந்து பரீட்சைக்காக நடத்தும் குட்டி நிலையம். போன ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், மாலை ஏழு பத்துக்கு, அது என் பெட்டியில் அகப்பட்டது. நிலையத்தின் பெயரைத் தமிழில் சொன்னார்கள். நாதஸ்வர இசைத்தட்டு வரும் என்றார்கள். நாதஸ்வரம் வரவில்லை. ஓர் ஆண்குரல் 'ஓம்' என்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'ஓம்'. இப்படிப் பதினொரு தடவை. போகப் போகக் குரல் குழைந்து, அழுகையே வந்துவிட்டது. அப்படி உருகிய பிரார்த்தனையை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதை எழுதிப் போட்டேன். 'தாங்கள் குறிப்பிடும் நேரத்தில் எமது நிலையத்தில் பிரார்த்தனை எதுவும் ஒலிபரப்பாகவில்லை' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி அதே பதில். மூன்றாவது பதிலில் 'வேறு நிலையமாக இருக்கலாம்' என்று ஒரு வரி கூடுதல். அட்டைக்காகக் கேட்காததைக் கேட்டதாக எழுதுகிறவர்கள் உண்டு. என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அதுதான் பொறுக்கவில்லை. கொழும்பில் லைசென்ஸ் கொடுக்கிற தபால் தந்தி அதிகாரிக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதி, தபாலில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நேரில் கேட்பது, மறுத்தால் அதைக் கொடுத்துவிடுவது. இதுதான் என் கதிர்காமம்.

முதல் நாள் முழுக்க வியர்வையும் வியப்பும். சேலத்தில் வெயில் காயும். கொழும்பில் வெயில் நனைக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வேறொருவன் தோல் போல ஆகிவிட்டது. ஆனால் என்ன பக்தியான ஊர்! சுருட்டுக்கடைக்காரரிடம் "இது ஜிந்துப்பிட்டிக்குப் போகிற தெருவா?" என்றேன். "ஓம்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் காட்டினார். சாப்பாட்டுக்கடையில் "மாடியில் தங்க அறை இருக்கிறதா?" என்றேன். அங்கும் "ஓம்." எங்கள் பக்கம் பெரியவர்கள் பேச்சைத் தொடங்குமுன் 'சிவசிவா' என்பார்களே, அதுபோல இங்கே எதைச் சொல்வதற்கும் முன் பிரணவத்தைச் சொல்லுகிறார்கள் என்று மெய்சிலிர்த்துப் போனேன். இப்படிப்பட்ட ஊரில் ரேடியோவில் ஓம் சொல்லவில்லை என்று சாதிக்கிறார்களே!

ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் விபூதி வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு அது போதும். முருகன் ஒருவர்தானே.

கிராமபோன் கடை, பெரிய மாதா கோயிலின் குவிமாடம் தெரிகிற தெருவில் இருந்தது. முதலாளி சலீம் நானா, தொப்பியும் கைலியும் சிரிப்புமாக வரவேற்றார். பெயரையும் ஊரையும் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"சேலமா? கடிதம் போட்டது நீங்களா?"

"நான்தான்."

"அந்த... ஓம்?"

"அதே."

ஓர் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்த பக்கத்தையே மறுபடி துடைத்தார். பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். "மொதல்ல சாப்பிடுவோம். அறிவிப்புச் செய்ற கனகசபை நாளக்கித்தான் வருவார். அது வரைக்கும் நீங்க என்ட விருந்தாளி. பசி ஈக்கிதா?"

"இருக்கிறது. உங்கள் கடையில் இந்த நிலையத்துப் பதிவேடு இருக்கிறதல்லவா?"

"ஓ. ஈக்கிது. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

இவர் 'ஓ' என்று மட்டும் சொன்னதைக் கவனித்தேன். முஸ்லிம் என்பதால் மகர ஒற்றை விட்டுவிட்டார் போலும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்ற சொல் போதாது. அப்பம் வந்தது, நாம் ஆப்பம் என்பதன் ஒல்லியான தம்பி. சீனிச்சம்பல் என்று ஒன்று, வெங்காயத்தை இனிக்க வைத்து உறைக்க வைத்திருந்தார்கள். இடியாப்பத்துக்கு மஞ்சளாக ஒரு தேங்காய்ப்பால் குழம்பு, பெயர் சொதி. கடைசியில் வட்டிலப்பம். கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்ந்து நடுங்குகிற பலகாரம், கரண்டி தொட்டால் வெட்கப்படுகிறது. ஒவ்வொரு முறை நான் 'பதிவேடு' என்று வாயைத் திறந்தபோதும் சலீம் நானா அதில் ஏதாவது வைத்தார். சாப்பாட்டுக்கடைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னொரு அப்பம் கொண்டுவந்தார்.

இரண்டாம் நாள் காலை டிராமில் ஏறித் துறைமுகம் பார்க்கப் போனேன். திரும்புகையில் வண்டி மாறி ஏறிப் பொரளையில் இறங்கினேன். கண்டக்டர் சிங்களத்தில் ஒன்று சொன்னார். அடுத்த இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார்: "ஐயா கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம், பொரளையில் மயானம் இருக்கிறது, அதற்குத்தான் போகிறார் என்று எழுப்பவில்லையாம்." நான் கண்ணை மூடியிருந்தது டிராம் மணியின் ஓசைக்கு ஒரு வரி தேடித்தான். வரி கிடைக்கவில்லை. திரும்பி வந்து சேர மத்தியானம் ஆனது.

கனகசபை மாலையில் வந்தார். வெள்ளவத்தையில் வீடு. ஏதோ கம்பெனியில் கிளார்க். நாற்பதைத் தொடாத, மெலிந்த, யாழ்ப்பாணத்துக்காரர். மாடிக்கு அழைத்துப்போனார். ஒரு மேசை, கண்ணாடிக் குமிழ்கள் ஒளிரும் பெட்டி, நூலில் தொங்கும் ஒலிவாங்கி, பக்கத்திலேயே கடையின் டெலிபோன். இந்தச் சின்ன அறையிலிருந்தா அந்தக் குரல் என் வீட்டுக்கு வந்தது என்று மேசையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

குரலும் அதே குரல். "இருங்கோ ஐயா" என்றபோதே தெரிந்துவிட்டது.

"நீங்கள்தான்" என்றேன். "ஓம் சொன்னது நீங்கள்தான்."

அவர் இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். படகும் தென்னையும் போட்ட அழகான அட்டை. என் பெயர், தேதி, நேரம் எல்லாம் எழுதி, 'நாதஸ்வர இசைத்தட்டு' என்று நிரப்பியிருந்தது.

"இதைக் கொண்டு போங்கோ. எங்கட சந்தோஷத்துக்கு."

"நான் நாதஸ்வரம் கேட்கவில்லையே!"

"பதிவேட்டில அப்பிடித்தான் இருக்குது."

"அப்படியானால் பதிவேடு பொய்."

சலீம் நானா நடுவில் வந்தார். "அட்ட கெடச்சா செரிதானே? எதுக்கு கெடச்சா என்ன?"

அவருக்கு எப்படிச் சொல்வது? கேட்காத இசைக்கு அட்டை வாங்கி ஒட்டினால் நோட்டில் மற்ற அட்டைகளும் சந்தேகப்பட ஆரம்பிக்கும். பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "நாளைக்குத் தபால் தந்தி ஆபீசில் இதைக் கொடுக்கப் போகிறேன்."

கனகசபையின் முகத்தில் இரத்தம் இல்லை. சலீம் நானா உடனே, "தொர நுவரெலியாவுக்குப் போய்ட்டார். இது ஏப்ரல் மாசம், தொரமார் எல்லாம் மலைக்குத்தான். கந்தோர்ல ஒருத்தரும் இல்ல" என்றார்.

"குமாஸ்தா இருப்பார்."

"நாளக்கி எங்கட வீட்டுல புரியாணி" என்றார் சலீம் நானா, மிகுந்த துயரத்தோடு.

மூன்றாம் நாள் காலை, ஆபீஸ் திறக்க நேரம் இருந்ததால் சந்தைப்பக்கம் நடந்தேன். ஹெந்தளைக் கரையிலிருந்து வந்த ஒரு மீன்காரி கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை. வாங்கப் போவதில்லை, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"புது மீனா?"

"ஓம்."

திடுக்கிட்டேன். "இன்று பிடித்ததா?"

"ஓம் ஐயா."

"சிலுவை போட்டுக்கொண்டு ஓம் சொல்லுகிறீர்களே அம்மா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப என்ன, 'இல்லை' எண்டா சொல்ல? புது மீனை வச்சுக்கொண்டு?" பக்கத்துக் கூடைக்காரியிடம் திரும்பி, "காலங்காத்தால வந்திருக்குது பார், வாங்கவும் மாட்டுது, ஓம் எண்டவும் விடுகுதில்லை" என்றாள். அந்த வரிசை முழுவதும் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. நட்டநடுச் சந்தையில் மீன் தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு நாளாகக் கேட்ட ஓம்களையெல்லாம் திருப்பிப் பார்த்தேன். தெருவா? ஓம். அறை இருக்கிறதா? ஓம். ஆமாம். ஆமாம். இதைவிட வெட்கம், எங்கள் அச்சகத்தில் அச்சான ஓர் அகராதியில் 'ஓம்: உடன்பாட்டுச் சொல்' என்ற வரியை மெய்ப்புத் திருத்தியவனே நான்தான். எழுத்தைப் பார்த்தேன், சொல்லைப் பார்க்கவில்லை.

அப்படியானால் அந்த மாலையில் யாரோ கேட்டிருக்கிறார்கள், அவர் ஆமாம் என்றிருக்கிறார். பதினொரு தடவை. மேசைமேல் பார்த்த டெலிபோன் நினைவுக்கு வந்தது. ஒலிவாங்கி திறந்தபடி இருந்திருக்கிறது. அது பிரார்த்தனை இல்லை, சொந்தப் பேச்சு. ஆராய்ச்சிக்கென்று கொடுத்த லைசென்சில் சொந்தப் பேச்சு காற்றில் போகக்கூடாது. எனக்கு உண்மையான அட்டை கொடுத்தால் அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சி. என் பையில் இருப்பது வெறும் புகார் இல்லை, அந்த மாடி அறையின் சாவு ஓலை.

ஆனாலும் ஒரு மனிதன் அப்படி அழுதுகொண்டே எதற்கு ஆமாம் சொல்லுவான்? ஆபீசுக்குப் போகாமல் வெள்ளவத்தைக்கு ரயில் ஏறினேன். கனகசபையின் வீட்டு விலாசம் அவர் எழுதிய கடிதங்களிலேயே இருந்தது.

கரையை உரசிக்கொண்டு ஓடுகிற ரயில். ஜன்னலில் கடல், கடல், மறுபடி கடல். வெள்ளவத்தையும் வந்தது, போயிற்று. "இது அங்க நிக்காது" என்று எதிரில் இருந்தவர் சாவதானமாகச் சொன்னார். கல்கிசையில் இறங்கி, கொஞ்சம் மணலிலும் கொஞ்சம் காலி வீதியிலுமாக நடந்து திரும்பினேன். செருப்புக்குள் இலங்கையின் கணிசமான பகுதி சேர்ந்துவிட்டது. கோபம் வரவில்லை. நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாகக் கடலோடு கூட நடக்கிறவனுக்கு எதன்மேல் கோபம் வரும்?

கனகசபை ஆபீசிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் மனைவி பரமேஸ்வரி கதவைத் திறந்தார். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. உள்ளே இரண்டு சிறுமிகள் மனக்கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஆர் நீங்கள்? இந்தியாவில இருந்தோ? இருங்கோ. தேத்தண்ணி போடட்டோ?"

தேத்தண்ணி வந்தது. வந்த காரணம் கேட்டார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உள்ளதைச் சொன்னேன். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் மாலை, உங்கள் கணவர் டெலிபோனில் பேசியது தவறிப்போய் என் ரேடியோவில் கேட்டது, அதில் அவர் சொன்னது 'ஓம்' மட்டும்தான் என்றேன்.

அவர் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினார். "அண்டைக்குத்தான் இவள் பிறந்தவள்."

சிறுமிகளை முற்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆஸ்பத்திரியில இருந்து நேர்ஸ்தான் டெலிபோன் எடுத்தவ. எனக்கு அண்டைக்குக் கொஞ்சம் கடுமை. அவ திரும்பி வந்து சொன்னா, 'உங்கட அவர் ஒண்டும் கதைக்கேல்லை. ஓம் ஓம் எண்டு போட்டு வச்சிட்டார்' எண்டு. அடுத்த நாள் வந்தார். முகம் உம்மெண்டு. பிள்ளையைக்கூட வடிவாப் பாக்கேல்லை. மூண்டாவதும் பெட்டை. அதுதான். நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டு என்ன?"

ஆறு மாதமாக இந்த வீட்டில் இது இருந்திருக்கிறது.

என் குறிப்பு நோட்டு எப்போதும் என்னோடு வரும். எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். என் வாழ்நாளில் நான் எழுதியதை ஒருவர் அப்படிக் கேட்டதில்லை.

"ஏழு பத்து. தெளிவு நன்று. ஆண்குரல். முதல் மூன்று ஓம், அவசரம். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, மூச்சு வாங்கிக்கொண்டு. ஏழாவதில் குரல் உடைகிறது. எட்டு, ஒன்பது, அழுகையோடு. பத்தாவது சரியாகக் கேட்கவில்லை, இடியின் இரைச்சல். பதினோராவது மிகவும் மெதுவாக, சிரிப்பது போல. உருக்கமான பிரார்த்தனை."

"அழுதவரோ?"

"ஏழாவதிலிருந்து."

"சிரிச்சவரோ?"

"கடைசியில்."

"இன்னொருக்கா வாசியுங்கோ."

இரண்டாம் முறை வாசித்து முடிக்கும்போது கனகசபை வாசலில் நின்றார். என்னையும், நோட்டையும், மனைவியின் கண்ணையும் பார்த்தார். கையிலிருந்த குடை தானாகச் சாய்ந்தது.

"இஞ்சாருங்கோ" என்றார் பரமேஸ்வரி. "நேர்ஸ் உங்களிட்ட என்ன சொன்னவ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அந்த ஜன்னலில் கடல் தெரியாது, இருந்தாலும் பார்த்தேன்.

"பெண் பிள்ளை எண்டவ. ஓம் எண்டனான். தாய்க்குக் கடுமையாக் கிடந்தது எண்டவ. ஓம், ஓம் எண்டனான். பிறகு, தப்பிட்டா, தாயும் பிள்ளையும் சுகம் எண்டவ. அதுக்குப் பிறகு... எனக்கு வேற சொல்லு வரேல்லை."

"அப்ப அடுத்த நாள் ஏன் முகத்தை அப்பிடி வச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

"டெலிபோனை வச்சிட்டுத் திரும்பிப் பாக்கிறன், மைக்கைப் பூட்டேல்லை! லைசென்ஸ் போச்சு, சலீம் நானா எவ்வளவு பாடுபட்டுக் கட்டினது, எல்லாம் என்னாலை எண்டு... அதை உமக்குச் சொன்னால் நீர் இன்னும் பயப்படுவீர். நோய்க்காரி."

பரமேஸ்வரி சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியாமல், குழந்தை குலுங்கக் குலுங்க. "விசர் மனுசன்! மைக்குக்கு வச்ச முகத்தையே எனக்குக் கொண்டு வந்து காட்டினனீங்கள்?"

புகார்க் கடிதத்தை எடுத்துக் கனகசபையிடம் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து எழுதாத அட்டை ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "நான் உள்ளதை எழுதி ஒப்பம் வைக்கிறன் ஐயா. நீங்கள் கேட்டது சரி. நடக்கிறது நடக்கட்டும்."

அந்த அட்டையைத்தான் தேடிக் கடல் தாண்டி வந்தேன். படகும் தென்னையும் அவர் கைக்குக் கீழே இருந்தன. எழுதட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன், அதை மறைக்கமாட்டேன்.

பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி நானே எழுதினேன். தேதி. ஏழு பத்து. பதினொரு ஓம். ஏழாவதிலிருந்து அழுகை, பதினோராவதில் சிரிப்பு. உருக்கமான பிரார்த்தனை. கேட்டது உண்மை. கீழே என் கையெழுத்து, சேலம். பரமேஸ்வரியிடம் நீட்டினேன்.

அவர் உதடு அசைய வாசித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இதில 'பிரார்த்தனை' எண்டு கிடக்குது. அது பிழையெல்லோ? வெட்டிவிடுங்கோ."

திருத்துவதுதானே என் தொழில், பேனாவை எடுத்தேன். கனகசபை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும்" என்றார். "பிழையில்லை."